கடல்வழியும் காப்பூசியும்

நிலாவெளிக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் அந்நிய நாட்டு உல்லாசப் பயணிகள் வருவதுண்டு. கடல் அமைதியாக இருக்கும் அம்மாதங்களில் புறாத்தீவைக் காணவும் வெண்மணலில் வெயில் காயவும் அவர்கள் வருகின்றனர். அவர்கள் தங்கும் விடுதிகளுக்குப் பின்னால் உப்பளங்களும் மீனவர் குடிசைகளும், 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் எழுந்த சிறு வீடுகளும் உள்ளன. அவ்வீடுகளிலிருந்தும் கடல் கடந்து செல்வோர் உளர். அவர்கள் குவைத்துக்கும் கட்டாருக்கும் சவூதி அரேபியாவுக்கும் வேலை தேடிச் செல்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், நம் மாணவர்களின் தாய்மார்கள்.

அண்மையில் நாம் தமிழ் கற்பிக்கும் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். விடுமுறை நாட்களில் படகுத்துறையில் எடுபிடி வேலை செய்பவன் அவன். “சேர், அந்த வெள்ளைக்காரர் இங்க வாறதுக்கு முந்தி மூண்டு ஊசி போட்டவராம். அதுக்கெண்டு ஒரு டொக்டர் இருந்து எல்லாம் சொல்லிக் குடுத்தவராம். எங்கட அம்மா போகக்குள்ள ரெத்தம் எடுத்தாங்க, நெஞ்சைப் படம் புடிச்சாங்க. ஆனா ஊசியும் போடல்ல, ஒண்டும் சொல்லவும் இல்லயே, ஏன் சேர்?”

அன்று எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. ஒருவனுடைய உடலுக்குக் காப்பும், மற்றொருத்தியின் உடலுக்குச் சோதனையும் ஏன்? கடல் ஒன்றே, நோய்களும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் வைத்தியர் ஒருவரிடம் ஆலோசகராகவும் மற்றவரிடம் காவலாளராகவும் நடந்துகொள்வது எதனால்? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் நாம் இரு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அப்பயணத்தை நம் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்தே தொடங்கலாம்.

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என நாம் பெருமை பேசுகிறோம். ஆழமும் அமைதியும் வாய்ந்த அத்துறையைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் மாறி மாறிக் கைப்பற்றினர். பிரித்தானியக் கடற்படை 1957-ஆம் ஆண்டிலேயே அதனை இலங்கையிடம் ஒப்படைத்து வெளியேறியது. ஆனால் துறைமுகம் என்பது சரக்கும் படையும் மட்டும் வந்திறங்கும் இடமன்று. நோயும் அங்கேதான் வந்திறங்கும். அங்கிருந்தே புறப்பட்டும் செல்லும்.

1817-ஆம் ஆண்டில் வங்காளத்தில் பெருகிய வாந்திபேதி, கடலோரம் வழியாகவும் கப்பல்கள் வழியாகவும் பரவி விரைவிலேயே இலங்கையையும் அடைந்தது. 1819-ஆம் ஆண்டில் திருகோணமலையிலிருந்து சென்ற தோப்பாஸ் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் அவ்வாண்டு ஐப்பசியில் மொரீசியசுத் தீவின் லூயி துறைமுகத்தை அடைந்தது. அதன் பின்னர் அத்தீவில் வாந்திபேதி வெடித்துப் பல்லாயிரவரைக் கொன்றது. இறந்தோருள் பெரும் பகுதியினர் கரும்புத் தோட்டங்களின் அடிமைகள். கப்பலே நோயைக் கொணர்ந்தது என மக்கள் கூறினர்; அதிகாரிகளும் வைத்தியர்களும் அதுபற்றி நெடுநாள் வாதிட்டனர். நீரில் வாழும் நுண்ணுயிரே அந்நோயின் காரணம் என்பது அன்று எவருக்கும் தெரியாது.

திருகோணமலையிலுள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறையில் சார்ள்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதி அடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் உடன்பிறந்தவர் அவர். 1852-ஆம் ஆண்டில் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்தார். தளபதியையும் அடிமையையும் நோய் ஒன்றாகவே கண்டது. ஆனால் நோயைத் தடுக்கப் புறப்பட்ட சட்டங்கள் அவ்வாறு காணவில்லை. நாம் கூறப் புகும் வரலாறு இதுவே.

நோய்த்தடுப்பின் கதை அம்மைப்பாலிலிருந்து தொடங்குகிறது. 1796-ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்வேட் ஜென்னர் என்னும் ஆங்கிலக் கிராமத்து வைத்தியர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை ஓர் எட்டு வயதுச் சிறுவனின் கையில் ஏற்றினார். அச்சிறுவனைப் பெரியம்மை தீண்டவில்லை. இவ்வறிவு உலகெங்கும் பரவுவதற்கு ஒரு தடை இருந்தது. குளிரூட்டும் பெட்டிகள் இல்லாத அக்காலத்தில் மருந்து நீண்ட கடற்பயணத்தில் கெட்டுவிடும். எனவே அதனை மனித உடலிலேயே ஏற்றிச் சென்றனர். ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டாம் ஒன்பதாம் நாளில் கொப்புளம் முற்றியதும் அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவர். இவ்வாறு கைக்குக் கை மாறியே அம்மைப்பால் கண்டங்களைக் கடந்தது.

1803-ஆம் ஆண்டில் ஸ்பானிய அரசு தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அம்மைப்பாலை அனுப்பியபோது, அதனைச் சுமந்து சென்றோர் இருபத்திரண்டு அநாதைச் சிறுவர்களே. இந்தியாவில் முதன்முதலாகப் பயன்தந்த அம்மைப்பால் 1802-ஆம் ஆண்டு யூன் 14-ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்தோல் என்னும் மூன்று வயதுப் பெண்குழந்தைக்குக் குத்தப்பட்டது. அக்குழந்தையின் கையிலிருந்து தொடங்கிய சங்கிலியே இந்தியாவின் பிற பகுதிகளுக்குச் சென்றது. அதே ஆண்டில் இலங்கையிலும் அம்மைப்பால் குத்துதல் தொடங்கிற்று. விஞ்ஞானத்தின் மாபெரும் வெற்றிகளுள் ஒன்றாகிய இது, பேசவும் அறியாத ஏழைக் குழந்தைகளின் கைகளில் ஏறி வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் மக்கள் அதனை எவ்வாறு ஏற்றனர்? பெரியம்மையை நாம் ‘அம்மன் வருத்தம்’ என்றே வழங்கினோம். கிழக்கிலங்கையில் கண்ணகி அம்மனுக்கு வைகாசித் திங்களில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, வெப்ப நோய்களைத் தணிக்க வேண்டும் என்னும் வேட்கையோடு பின்னிப் பிணைந்தது. இதனை வெறும் மூடநம்பிக்கை என்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் நோயாளியைத் தனி அறையில் வைத்து வேப்பிலை கட்டி, அந்நியர் நுழையாமற் காத்து, நோய் நீங்கிய பின்னரே தலைக்கு நீர் வார்த்த நம் பாட்டிமாரின் வழக்கத்தில் தொற்றைப் பற்றிய அனுபவ அறிவும் கலந்திருந்தது. அவர்கள் ஊசியை அஞ்சியதைக் காட்டிலும் ஊசி கொண்டுவந்த அதிகாரத்தையே அஞ்சினர். வரி கேட்க வந்தவனும், நிலம் அளக்க வந்தவனும், ஊசி குத்த வந்தவனும் ஒரே கச்சேரியிலிருந்து வந்தால் மக்கள் ஐயுறுவது இயல்பன்றோ?

இனி, இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதிக்கு வருகிறோம். கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1830-களின் பின்னர், மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் இலங்கைக்கு வரத் தொடங்கினர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களைத் துரத்தின. கங்காணியின் சொல் அவர்களை இழுத்தது. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை நோக்கி ஏறக்குறைய நூற்றைம்பது மைல் அவர்கள் நடந்தனர். வழியில் குடிநீர் இல்லை, நிழல் இல்லை, வைத்தியர் இல்லை. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவ்வழியெங்கும் அவர்களைத் தொடர்ந்தன. நடக்க முடியாதவர்கள் பாதையோரத்தில் விடப்பட்டனர். 1841 முதல் 1848 வரையிலான காலத்தில் வந்தவர்களுள் எழுபதினாயிரம் பேர், அதாவது நால்வரில் ஒருவர், மாண்டனர் என 1849-இல் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. தொகை கூடவோ குறையவோ இருக்கலாம் என ஆய்வாளர் வாதிடுவர். ஆயினும் அப்பாதை பிணங்களால் அடையாளம் காணப்பட்ட பாதை என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

அக்காலத்தில் அம்மைப்பால் இருந்தது. சட்டம் இயற்றும் அரசும் இருந்தது. கோப்பியின் இலாபமும் இருந்தது. இல்லாதிருந்தது என்ன? அத்தொழிலாளி பிழைக்க வேண்டும் என்ற அக்கறையே இல்லாதிருந்தது. இறந்தவனுக்குப் பதிலாக இன்னொருவன் வருவான் என்ற கணக்கே தோட்டத் துரைமாரின் கணக்காக இருந்தது. அக்கணக்கு மாறியது எப்போது? தேயிலை வந்தபோது. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே தொழிலாளியின் உடல் விலையுள்ள பொருளாயிற்று. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனச் சட்டங்களும் அவற்றின் திருத்தங்களும் வந்தன. இரக்கம் பிறந்ததன் விளைவு என இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. இலாபத்தின் தேவை மாறியதன் விளைவு என்பதே பொருந்தும்.

1896-ஆம் ஆண்டில் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியதும் ஏகாதிபத்தியம் முழுவதும் நடுங்கியது. மறு ஆண்டிலேயே இலங்கையில் தொற்றுத்தடுப்புக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. 1897-ஆம் ஆண்டின் அச்சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2020-ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்து ஊரடங்கின்போது நாம் அனைவரும் அதன் பெயரைக் கேட்டோம். நூற்றாண்டு முடிவில் வன்னிப் பாதை மூடப்பட்டது. தொழிலாளர் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு றாகம முகாமில் தங்கவைக்கப்பட்டனர். 1914-இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பற் சேவையும் திறக்கப்பட்ட பின்னர் மண்டபம் முகாம் முதன்மை பெற்றது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது.

மண்டபத்தில் நடந்தது என்ன? தோட்டத்துக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் குழந்தையும் வரிசையில் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். உடுத்த துணிகள் நீராவியில் அவிக்கப்பட்டன. அம்மைப்பால் குத்தப்பட்டது. பிற்காலத்தில் கொக்கிப்புழுவுக்கான மருந்தும் புகட்டப்பட்டது. பின்னர் ஐந்தாறு நாட்கள் வேலியிட்ட கொட்டில்களில் அடைத்துவைக்கப்பட்டனர். வாந்திபேதிக் கிருமி உடலிற் புகுந்தால் ஐந்து நாட்களுக்குள் நோய் வெளிப்படும் என்பதே இக்கணக்கின் அடிப்படை. இதில் விஞ்ஞானம் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. வன்னிப் பாதையில் ஆயிரமாயிரமாய் மடிந்தோரின் பேரப்பிள்ளைகள் மண்டபத்தின் வழியே உயிரோடு வந்து சேர்ந்தனர் என்பதும் உண்மை. நோயைத் தடுத்ததற்காக நாம் எவரையும் குறைகூறோம்.

ஆனால் அவ்விரயிலிலேயே வந்த முதலாம் இரண்டாம் வகுப்புப் பயணி என்ன செய்தார்? அவர் கொட்டிலில் அடைபடவில்லை. வைத்தியர் அவரைப் பார்த்துச் சீட்டொன்று கொடுப்பார். இலங்கையில் இறங்கிய பின்னர் அவர் சுகாதார அதிகாரிக்குத் தம் நலத்தை அறிவித்தாற் போதும். மூன்றாம் வகுப்புப் பயணிக்கோ முகாம். வாந்திபேதிக் கிருமி பயணச்சீட்டின் நிறத்தைப் பார்த்தா குடலில் நுழைகிறது? ஒருவருடைய சொல்லை நம்பலாம், மற்றவருடைய உடலை மட்டுமே நம்பலாம் என்பதே அவ்வேறுபாட்டின் உட்பொருள்.

மற்றொரு செய்தியையும் கூற வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தகரச் சீட்டு’ முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தின் அடையாள எண் பொறித்த வட்டத் தகரம் ஒன்று தொழிலாளியின் கழுத்தில் தொங்கும். அவ்வெண்ணைக் கண்டு முகாமில் உள்ளவர்கள் அவனை உரிய தோட்டத்துக்கு அனுப்புவர். அவன் பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டுப் பின்னர் அவனுடைய கடனாக அவன் தலையிலேயே விழும். பொதியில் முகவரி ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கையில் ஊசித் தழும்பும் கழுத்தில் தகரமுமாக அவன் கடல் கடந்தான். அவ்வூசி எதற்காக என்று அவனுக்கு விளக்கியவர் உண்டா? போகும் மலைநாட்டின் குளிரைப் பற்றியும், அங்கு குழந்தைகளைக் கொல்லும் மார்புச்சளி நோயைப் பற்றியும், குடிநீரைக் கொதிக்கவைப்பது பற்றியும் அவனுக்கு ஆலோசனை கூறியவர் உண்டா? அவன் நோயைக் கொண்டுவரக் கூடாது என்பதே கவலை. அவனை நோய் கொண்டுபோகக் கூடாது என்ற கவலை இருக்கவில்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குச் சென்ற தமிழர், பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் இவ்வாறே அடைக்கப்பட்டனர். மக்கா யாத்திரிகர்களிடையே 1865-ஆம் ஆண்டில் பரவிய வாந்திபேதி ஐரோப்பாவையும் தாக்கியபோது, மறு ஆண்டு கொன்ஸ்தாந்திநோபிளில் அரசுகள் கூடி ஆராய்ந்தன. அதன் தொடர்ச்சியாகச் செங்கடலின் கமரான் தீவில் 1882-இல் திறக்கப்பட்ட முகாமில் இந்தியப் பெருங்கடல் நாடுகளின் ஏழை ஹாஜிகள் பல தலைமுறைகளாக இறக்கிவைக்கப்பட்டனர். 1851-ஆம் ஆண்டில் பாரிசில் தொடங்கிய சர்வதேச சுகாதார மாநாடுகள் யாவற்றிலும் ஒரே கவலைதான் மேலோங்கியிருந்தது. கிழக்கிலிருந்து நோய் ஐரோப்பாவுக்கு வரக் கூடாது. அதே வேளையில் ஐரோப்பாவின் வணிகமும் தடைப்படக் கூடாது.

இருப்பினும் வரலாறு ஒரே திசையில் மட்டும் செல்வதில்லை. இரண்டாம் உலகப் போரின் பின் உருவான உலக சுகாதார நிறுவனம் 1951-இல் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளை வகுத்தது. கடல் கடப்போர் கையில் ஏந்திய மஞ்சள் நிறச் சான்றிதழ்ப் புத்தகம் எல்லா நாடுகளுக்கும் பொதுவாயிற்று. 1958-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டு விஞ்ஞானி விக்ரர் ஸ்தானவ், பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்க வேண்டும் என முன்மொழிந்தார். கெடுபிடிப் போரின் உச்சத்தில் சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் அப்பணியில் கைகோத்தன. கோடிக்கணக்கான ஊசிமருந்தை சோவியத் மக்கள் நன்கொடையாக அளித்தனர். ஆசிய ஆபிரிக்கக் கிராமங்களில் வீடு வீடாக நடந்த உள்ளூர்ச் சுகாதார ஊழியர்களே அதனை வெற்றியாக்கினர். இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-இல் காணப்பட்டார். உலகின் கடைசி இயற்கைத் தொற்று 1977-இல் சோமாலியாவில் நிகழ்ந்தது. 1980-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெரியம்மை ஒழிந்ததென உலகுக்கு அறிவிக்கப்பட்டது. எல்லையில் நிறுத்தி மனிதனைச் சோதித்த முறை நூறு ஆண்டுகளில் செய்யாததை, மனிதன் வாழும் இடத்துக்கே சென்று காத்த முறை இருபது ஆண்டுகளில் செய்து முடித்தது. நாம் கற்க வேண்டிய பாடம் இதில் உள்ளது.

நம் நாடும் அவ்வழியில் பெருமை கொள்ளத்தக்கது. 1934–35 பெருந்தொற்றில் ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த இத்தீவு, 2012-இன் பின்னர் உள்நாட்டில் தொற்றிய மலேரியா ஒன்றும் இல்லாத நாடாகி, 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் பெற்றது. போர்க்காலத்தில் மலேரியாவால் அதிகம் வாடியது நம் வடக்கும் கிழக்குமே. நுளம்பு மருந்து தெளிக்கச் சென்ற ஊழியர்கள் இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் நடுவே நடந்தனர். இன்று ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ மலேரியா உள்ள பிற நாடுகளுக்கோ செல்வோருக்கு மலேரியாத் தடை இயக்கம் தடுப்பு மாத்திரைகளை இலவசமாக வழங்குகிறது. மஞ்சட்காய்ச்சல் உள்ள நாடுகளுக்குச் செல்வோர் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஊசி ஏற்றிக்கொள்ளலாம். பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னரேனும் அதனைப் பெற வேண்டும். 2016-இன் பின்னர் அச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். கின்னியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் இருந்து ஹஜ் யாத்திரை செல்லும் நம் முஸ்லிம் சகோதரர்கள் மூளைக்காய்ச்சல் ஊசி பெற்ற சான்று இன்றிச் சவூதி அரேபியாவினுள் நுழைய இயலாது. இவை யாவும் நன்மையே. யாத்திரிகருக்கும் வணிகருக்கும் இவ்வசதிகள் உள.

அவ்வாறாயின் வேலைக்குச் செல்லும் தாய்க்கு?

அவள் நிலாவெளியிலிருந்து இரவுப் பேருந்தேறி ஏறக்குறைய 260 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குச் செல்கிறாள். வளைகுடா நாடுகள் அங்கீகரித்த நிலையமொன்றில் இரத்தமும் சிறுநீரும் கொடுக்கிறாள். நெஞ்சுப் படம் எடுக்கப்படுகிறாள். எயிட்ஸ் கிருமி உண்டா, ஈரல் அழற்சி உண்டா, காசநோய் உண்டா, வயிற்றில் குழந்தை உண்டா எனத் தேடுகின்றனர். முடிவில் ‘தகுதியுடையவர்’ அல்லது ‘தகுதியற்றவர்’ என ஒரு முத்திரை. எமக்குத் தெரிந்த ஒரு பெண் தகுதியற்றவர் எனத் திருப்பி அனுப்பப்பட்டார். என்ன நோய் என்று அவருக்கு எவரும் கூறவில்லை. முகவரிடம் கேட்டார், முகவர் தமக்குத் தெரியாது என்றார். மாதங்கள் கழித்து, விடாத இருமலுடன் அரச வைத்தியசாலைக்குச் சென்றபோதே தமக்குக் காசநோய் என அறிந்தார். அரச வைத்தியசாலையில் இலவச மருந்துண்டு. ஆறு மாதங்களில் குணப்படுத்தத் தக்க நோய் அது. இடைப்பட்ட மாதங்களில் அவர் தம் குழந்தைகளோடு ஒரே பாயிற் படுத்திருந்தார். நோயைக் கண்டுபிடித்த சோதனை நோயாளியைக் கைவிட்டது. ஏனெனில் அச்சோதனை அவருக்காக நிகழ்ந்ததன்று.

இதற்கு ஒரு சட்டப் பின்னணியும் உண்டு. 2005-இல் ஏற்கப்பட்டு 2007 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள், பயணிகளை அவர்தம் கண்ணியத்துக்கும் மனித உரிமைக்கும் மதிப்பளித்து நடத்த வேண்டும் என்கின்றன. பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு எல்லையிற் செய்யப்படும் மருத்துவச் சோதனைக்குப் பயணியிடம் கட்டணம் அறவிடலாகாது எனவும் அவை விதிக்கின்றன. ஆனால் அவ்விதியிலேயே ஒரு விலக்கு எழுதப்பட்டுள்ளது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குடியிருக்க நாடுவோருக்கு இச்சலுகை இல்லை. அதாவது, உல்லாசத்துக்காகச் செல்பவருக்கு உண்டு. உழைப்பதற்காகச் செல்பவருக்கு இல்லை! மண்டபத்தின் முதலாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒழிந்துவிட்டன என்று எவ்வாறு நாம் கூறுவோம்? குடிபெயர் தொழிலாளரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இலங்கை 1996-இல் இணைந்தது. நம் பெண்கள் உழைக்கச் செல்லும் ஆறு வளைகுடா நாடுகளும் அதில் இணையவில்லை.

கொரோனாக் காலத்திலும் இதே அனுபவம்தான். நம் மக்களுள் மிகப் பலருக்கு ஏற்றப்பட்ட சினோபார்ம் ஊசியைச் சில நாடுகள் தொடக்கத்தில் ஏற்க மறுத்தன. உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஊசி அது. ஊசி ஏற்றியும் ஏற்றாதவராகக் கருதப்பட்டோர் பலர். எந்த ஊசி நல்லது என்பதை நோய் தீர்மானிக்கவில்லை. வல்லமை உள்ளவரின் எல்லைக் காவல் தீர்மானித்தது.

நாம் வேண்டுவது என்ன? சோதனையே கூடாது என்பது எம் வாதமன்று. தொற்றைக் கண்டறிவதும் தடுப்பதும் இரு நாட்டு மக்களுக்கும் நன்று. சோதனையோடு ஆலோசனையும் சேர வேண்டும் என்பதே எம் வாதம். இலங்கை அரசு 2013-ஆம் ஆண்டிலேயே குடிபெயர்வோர் சுகாதாரத்துக்கென ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. அக்கொள்கை ஏட்டில் உறங்காமல் திருகோணமலைக்கு வந்து சேர வேண்டும். கடல் கடக்கும் தொழிலாளி எவரும் பயணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் தம் மாவட்டத்திலேயே ஓர் அரச வைத்தியரைக் காணும் வழி இருக்க வேண்டும். செல்லும் நாட்டின் வெப்பம், நீர், உணவு, தொற்று, தடுப்பூசி ஆகியன பற்றித் தாய்மொழியில் அவர் விளக்கம் பெற வேண்டும். சோதனையின் முடிவு முகவரின் பையில் அன்றி அவர் கையில் கிடைக்க வேண்டும். தகுதியற்றவர் எனப்பட்டவர் அன்றே சிகிச்சைக்கு அனுப்பப்பட வேண்டும். திரும்பி வருபவர் காய்ச்சல் கண்டால் தாம் சென்ற நாட்டை வைத்தியரிடம் தயங்காமற் கூறும் பழக்கமும், அவ்வாறு கூறியதற்காக ஒதுக்கப்படாத ஊர்ச் சூழலும் வேண்டும். மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இன்னும் இத்தீவில் உண்டு. 2017-இல் மன்னாரில் புதிய இனமொன்றும் கண்டறியப்பட்டது. நோயோடு திரும்பும் ஒருவரைக் கவனியாது விட்டால் ஊர் முழுவதும் அதற்கு விலை கொடுக்க நேரும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நம் வகுப்பறைகளிலேயே நாளைய பயணிகள் அமர்ந்திருக்கின்றனர். கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பித் தரக் கேட்டு நம்மிடம் வரும் தாய்மாரிடம் படிவத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்து அனுப்பிவிடாமல், ‘உங்கள் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை’ என ஒரு வார்த்தை கூறலாமன்றோ?

இறுதியாக, மண்டபம் முகாமைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர் திருப்பி அனுப்பப்பட்டபோது அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களுள் ஒன்று அதே மண்டபம். 1983-இன் பின்னர் போருக்கு அஞ்சிப் படகேறிய நம் திருகோணமலை மாவட்டத்து மக்கள் பலரும் அங்கேயே அகதிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். பாட்டன் ஊசி குத்தப்பட்டு நின்ற மண்ணில் பேரன் பெயரெழுதப்பட்டு நின்றான். இரு முறையும் அவன் என்ன நோய் கொண்டுவருகிறான் என்றே கேட்டனர். அவனுக்கு என்ன தேவை என்று கேட்டவர் மிகச் சிலரே.

மறுநாள் வகுப்பில் இவ்வரலாற்றை எம்மால் இயன்றவரை அம்மாணவனுக்குக் கூறினோம். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்ப, அம்மா திரும்பி வந்தோடன முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன் சேர்” என்றான். அவனுடைய தாய் வருவதற்கு இன்னும் பதினான்கு மாதங்கள் உள்ளன.